வெக்கைக்கு யூனிட் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் கூரைச் சோலார் பற்றி வந்த கட்டுரையை, மில்லுக்குச் சனம் வராத ஒரு மத்தியானம் ஆறுதலாக உட்கார்ந்து வாசித்தேன். நல்ல கட்டுரைதான். செலவு, பதிவு, மீற்றர் மாற்றுவது எல்லாம் விளங்கும்படி எழுதியிருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மே தொடக்கம் ஓகஸ்ட் வரை எரிக்கிற வெயில் சோலார்காரருக்கு அறுவடைக் காலம், வெப்பம் ஏற ஏற யூனிட்டும் ஏறும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே வரியை இன்னொருவர் வாயால் கேட்டு நம்பி, ஒரு முழுக் கோடையும் மண்டையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

களுவாஞ்சிகுடியில் மா, மிளகாய்த்தூள் அரைக்கிற சின்ன மில் ஒன்று வைத்திருக்கிறேன். தகரக் கூரை. அதன்மேல் 550 வாட் பனல் பத்து, உள்ளே பனல் கரண்டை லைன் கரண்டாக்குகிற 5 கிலோவாட் இன்வேர்ட்டர். பூட்டித் தந்த கொம்பனியின் ஆள் வரும்போதே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட ஊர் வெயிலுக்கு இது சும்மா அள்ளிக் கொட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். அடுப்பு எரிந்தால் சோறு வேகிற மாதிரி, வெயில் எரித்தால் கரண்ட் வரும் என்பதுதான் அன்றைக்கு என் அறிவு.

சரி, மே மாதம் வந்தது. வெளியில் செருப்பில்லாமல் கால் வைக்க ஏலாது. மில்லுக்குள் நிற்கிற பொடியன் அரை மணிக்கொரு தடவை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவான். இன்வேர்ட்டரைப் பார்த்தால் உச்சி நேரத்தில் 4.2, மிஞ்சிப்போனால் 4.3 கிலோவாட். மார்ச் மாதத்தில், இவ்வளவு வெக்கை இல்லாத நாளில், அதே நேரத்தில் 4.7 காட்டிய பெட்டி அது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அரிசி வந்த கணக்கு, மா போன கணக்கோடு யூனிட் கணக்கும் சேர்ந்துவிட்டது. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இதை நானே கவனித்திருக்க மாட்டேன்.

என் கவலையைக் கூட்டுவதற்கென்றே வெல்லாவெளியில் ஒரு மச்சான் இருக்கிறார், மனைவியின் தம்பி. அதே கொம்பனி, அதே பனல், அதே பத்து, ஒரே கிழமையில் பூட்டியது. அவருடைய வீடு பழைய ஓட்டு வீடு, சிலாகை தாங்காது என்று சொல்லி, நெல் காயப்போடுகிற களத்தின் ஓரத்தில் இரும்புச் சட்டம் நட்டு அதன்மேல் பனலைப் போட்டார்கள். வெல்லாவெளி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இடம், கடல் காற்று எட்டுவது குறைவு, எங்கள் பக்கத்தை விட ஒன்றிரண்டு பாகை சூடு கூடத்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் போன் வரும். "அத்தான், இண்டைக்கு 25.6. உங்களுக்கு?" எனக்கு 23.2. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்காரன் எனக்குச் சூரியன் முதலில் உதிக்கிறது என்பதில் ஒரு பெருமை இருந்தது, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரன் இரண்டரை யூனிட் கூட எடுக்கிறான் என்றதும் அது போய்விட்டது.

கொம்பனிக்குப் போன் பண்ணினேன். ஒருவர் வந்தார், ஏணியில் பாதிவரை ஏறினார், "இது கடற்கரைப் பக்கம், உப்புக்காத்து, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். உப்புக்காற்றால் கெடுதி இல்லை என்று சொல்ல மாட்டேன், சட்டத்தின் ஆணியும் இணைப்பும் வருடக்கணக்கில் துருப்பிடிக்கும், அதற்கென்றே தனிப் பரிசோதனை செய்த பனல்கள் விற்கிறார்கள். ஆனால் பூட்டி ஒரு வருடம்கூட ஆகாத பனலில் உப்பு இரண்டரை யூனிட்டைத் தின்றுவிடாது.

அப்புறம் நானே தேட வெளிக்கிட்டேன். முதல் கள்ளன் என் கையிலேயே இருந்தான். மில்லிலிருந்து வெளியே போகிற மாத்தூசி. அது கூரையில் போய்ப் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, காலை வெயிலில் காய்ந்து, கண்ணாடிமேல் மெல்லிய ரொட்டி மாதிரி ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. மழை பெய்தால் பனல் தானாகக் கழுவுப்படும் என்பார்கள், தெருப் புழுதிக்கு அது சரி, வெந்த மாவுக்குச் சரிவராது. விடியற்காலையில் ஏறி, மெல்லிய துணியும் மழைத்தண்ணீரும் கொண்டு துடைத்தோம். அன்றைக்கே கிட்டத்தட்ட ஒரு யூனிட் கூடியது. இப்போது தூசி போகிற குழாயை மற்றப் பக்கம் திருப்பிவிட்டேன். கொக்கும் காகமும் போடுகிற எச்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பனலில் இருக்கிற சின்னக் கட்டங்களில் ஒன்றை, அதாவது ஒரு செல்லை, மூடுகிற அளவு எச்சம் அந்தப் பனலில் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடக் கூடியது, மூடப்பட்ட செல் சூடேறி அந்த இடம் கருகவும் கூடும். தென்னோலை நிழலும் அதே வேலையைத்தான் செய்யும், ஓலை ஆடுகிறது, நிழல் பெரிதாக விழவில்லை என்று விட்டுவிடக் கூடாது. நிழலை விட்டாலும் தேங்காயை விடக் கூடாது. பனல் கண்ணாடியை 25 மில்லிமீற்றர் ஆலங்கட்டியால் அடித்துத்தான் பரிசோதிக்கிறார்கள், தேங்காயால் யாரும் அடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கள்ளன் இன்வேர்ட்டர். அதை மில்லின் உள்சுவரில், தகரத்துக்குக் கீழே, அரிசி வறுக்கிற அடுப்புக்கு எட்டு முழத்தில் மாட்டியிருந்தார்கள். வயர் மிச்சம் என்று. அந்தப் பெட்டிக்கும் சூடு ஆகாது. சுற்றியிருக்கிற காற்று 45 பாகையைத் தாண்டினால் பல இன்வேர்ட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள உற்பத்தியைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும், எங்கும் சிவப்பு லைட் எரியாது, சத்தமும் வராது. வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில், நிழலில், காற்றுப் படுகிற இடத்துக்கு மாற்றியதும் ஒரு அரை யூனிட் கூடியது. மேற்குச் சுவரில் பின்னேர வெயில் படும்படி மாட்டியிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றைக்கே ஒருதரம் கையை வைத்துப் பாருங்கள். பற்றரியும் வைத்திருந்தால் அதையும் நிழலுக்குக் கொண்டுவாருங்கள், சூட்டில் அதன் ஆயுள் விரைவாகக் குறையும்.

மிச்சம் இருந்தது ஏறக்குறைய முக்கால் யூனிட். அதைப் பிடிக்கத்தான் நாள் சென்றது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி ஒன்று வீட்டில் கிடந்தது, அதைக் கொண்டுபோய்ப் பனலில் காட்டினேன். ஹை என்று மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட்டது, பாவம், அது மனுசக் காய்ச்சலுக்குச் செய்தது. பிறகு ஏசி திருத்துகிற தம்பி ஒருவரிடம் துப்பாக்கி மாதிரி இருக்கிற பெரிய வெப்பமானி இருந்தது. கண்ணாடிப் பக்கம் காட்டினால் வானத்தின் தெறிப்பு ஏமாற்றும் என்று அவர் சொன்னதால், படுத்துக்கொண்டு பனலின் அடிப்பக்கத்தில் காட்டினோம். பகல் பன்னிரண்டரை. 69 பாகை. அடுத்த ஞாயிறு அதே நேரம், குருமண்வெளியில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவியின் அக்கரை போய், வெல்லாவெளியில் மச்சானின் பனலுக்கு அடியில் காட்டினோம். 58.

ஊர் சூடு கூடிய ஊர், பனல் 11 பாகை குளிர். நிமிர்ந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அவருடைய பனலுக்குக் கீழே ஆள் குனிந்து நடக்கலாம், ஆடு படுத்திருக்கிறது, காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போகிறது. என்னுடையதற்கும் தகரத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. கீழே கொதிக்கிற தகரம், மேலே கொதிக்கிற கண்ணாடி, நடுவில் அசையாத காற்று. அது பனல் பூட்டியதா, அப்பம் சுட வைத்ததா என்று கேட்க வேண்டும்.

அன்றைக்குத்தான் பனலின் முதுகில் ஒட்டியிருக்கிற தாளை முதல் தடவை ஒழுங்காக வாசித்தேன். 550 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் நிபந்தனை: ஒரு சதுர மீற்றருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். கவனியுங்கள், காற்று 25 பாகை என்று சொல்லவில்லை, செல் 25 பாகை. தொழிற்சாலையில் பனலைப் பரிசோதிக்கும்போது கமெரா பிளாஷ் மாதிரி ஒரு வெளிச்சத்தைக் கண் மூடித் திறக்கிற நேரத்துக்குள் அடித்து அளந்துவிடுவார்கள், சூடேற அதற்கு நேரமே கிடைப்பதில்லை. எங்கள் கூரையில் உச்சி வெயிலில் 25 பாகையில் ஒரு பனல் இருப்பது நடக்காத காரியம், மட்டக்களப்பில் 25 பாகை என்பது விடியற்காலையில் போர்வையோடு படுத்திருக்கிற நேரத்துக் காற்றின் சூடு.

பனல் ஏன் இவ்வளவு சூடாகிறது? இப்போது விற்கிற நல்ல பனல்கூடத் தன்மேல் விழுகிற ஒளியில் நூற்றுக்கு 20, 22 பங்கைத்தான் கரண்டாக்குகிறது. கொஞ்சம் தெறித்துப் போகிறது, மற்றதெல்லாம் சூடு. காற்று 33 பாகை என்றால், காற்றோட்டமான சட்டத்தில் உள்ள பனலே நல்ல வெயிலில் 60ஐ ஒட்டி வரும், என்னுடையது மாதிரித் தகரத்தில் ஒட்டிக் கிடந்தால் இன்னும் ஏறும்.

சூட்டில் ஏன் குறைகிறது என்பதற்கு மச்சான் நல்ல உதாரணம் சொன்னார், அவர் வயல்காரர். உன்னிச்சைக் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது என்று வையுங்கள். மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது ஒன்று, குளத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பது இன்னொன்று. பனலில் ஒளி கூடினால் மதகு அகலத் திறந்த மாதிரி, மின்னோட்டம் கூடும். செல் சூடானால் குளத்து மட்டம் இறங்குகிற மாதிரி, வோல்ட்டேஜ் இறங்கும். ஒளி பிடுங்கிவிட்ட இலத்திரன்கள் வெளியே வந்து வேலை செய்ய முன்னமே, சூடான சிலிக்கனுக்குள் திரும்ப விழுந்துவிடுவது கூடுகிறது. சூட்டில் மின்னோட்டம் மயிரளவு கூடத்தான் செய்கிறது, ஆனால் வோல்ட்டேஜ் இறங்குவது அதைவிடப் பல மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நட்டம்.

எவ்வளவு நட்டம் என்பதும் பனலோடு வருகிற தாளில் இருக்கிறது, வெப்பக் குணகம் என்று தேடுங்கள். என் பனலுக்குப் பாகைக்கு 0.35 சதவீதம். 69இலிருந்து 25ஐக் கழித்தால் 44. அதை 0.35ஆல் பெருக்கினால் 15.4. அதாவது உச்சி வெயிலில் நூறு ரூபாவுக்கு 15 ரூபாவைச் சூட்டுக்கே கொடுத்துவிடுகிறேன். 550 வாட் பனல் அந்த நேரத்தில் 465 வாட் பனல். பத்துப் பனல் சேர்ந்து 4.65 கிலோவாட், அதில் வயர், இன்வேர்ட்டர், தூசி என்று கழித்தால் நான் மே மாதம் பார்த்த 4.3 வந்து நிற்கிறது. பனல் பழுதில்லை, போலியும் இல்லை, அது எழுதிக் கொடுத்த மாதிரியேதான் நடக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. அதே தாளில் இரண்டாவது நிரல் ஒன்றும் இருக்கும்: 800 வாட் ஒளி, 20 பாகைக் காற்று, மெல்லிய காற்றோட்டம் என்ற நிலையில் என்ன கிடைக்கும் என்று. 550 வாட் பனலுக்கு அதில் 410 சொச்சம்தான் போட்டிருக்கும். விற்பனைத் துண்டுப் பிரசுரத்தில் அந்த நிரலை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இப்போது புதிதாக வருகிற சில வகைப் பனல்களில் குணகம் 0.29, 0.30 என்று இருக்கிறது, பழைய நீலப் பனல்களில் 0.40க்கு மேல். எங்கள் ஊருக்குக் குறைந்த இலக்கம் நல்லதுதான். ஆனாலும் 0.35க்கும் 0.29க்கும் உச்சி நேரத்தில் வித்தியாசம் இரண்டரை சதவீதம் அளவுதான், அதைச் சொல்லி ஒரு இலட்சம் கூடக் கேட்டால் வேண்டாம் என்பேன். அந்தக் காசில் பாதிக்கும் குறைவான செலவில் சட்டத்தை உயர்த்தலாம்.

நான் அதைத்தான் செய்தேன். கொம்பனிக்கு ஆறு தடவை போன் பண்ணி, கடைசியில் அவர்களுடைய ஆட்களே வந்து பத்தில் ஆறு பனலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். மிச்ச நான்குக்கு வருகிறோம் என்றார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். தூக்கிய பனல்களின் அடிச்சூடு இப்போது 60, 61. உயர்த்தாத நான்கும் பழையபடி. பக்கத்துப் பக்கத்தில் ஒரே கூரையில் எட்டுப் பாகை வித்தியாசம், யாரும் வந்து பார்க்கலாம். யூனிட் கணக்கில் சொன்னால் மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கூடுகிறது. பெரிய காசு இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் பனல் கூரையில் இருபது வருடம் கிடக்கப் போகிறது, பூட்டுகிற நாளிலேயே நீளமான காலைப் போட்டிருந்தால் செலவு ஒன்றும் இல்லாமல் முடிந்த வேலை இது.

இதை வாசித்துவிட்டு வெல்டிங் பொடியனைக் கூட்டிக்கொண்டு கூரையில் ஏறிவிடாதீர்கள். மெயினை நிற்பாட்டினாலும், வெளிச்சம் இருக்கும்வரை பனலின் வயரில் கரண்ட் இருக்கும், பத்துப் பனல் தொடராக இருந்தால் 400 வோல்ட்டுக்கு மேல், அதுவும் நேரோட்டம், உயிருக்கே ஆபத்து. உயர்த்தினால் காற்று அடியில் புகுந்து தூக்கவும் பார்க்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரைகள் பறந்ததைக் கண்ட சனம் இன்னும் ஊரில் இருக்கிறது. ஆணி தகரத்தில் மட்டும் நிற்கக் கூடாது, கீழே வளை மரத்தையோ இரும்பையோ பிடித்திருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் பனல் எப்போது நன்றாக வேலை செய்கிறது? என் கொப்பியில் இருக்கிற அதிகூடிய அளவு கோடையில் இல்லை. தை மாதத்து ஒரு நாள். இரவெல்லாம் மழை, காலையிலும் மழை, பதினொன்றரைக்கு விட்டது. முகில் இரண்டாகப் பிளந்து நடுவில் வெயில் விழுந்தது. போனில் இன்வேர்ட்டர் கணக்கைப் பார்த்தால் 5.0 கிலோவாட். இன்வேர்ட்டரால் அதற்குமேல் போக முடியாது, முட்டிக்கொண்டு நின்றது. மழை கழுவிய கண்ணாடி, மழை கழுவிய வானம், ஈரத்தில் குளிர்ந்த பனல், அதற்கு மேலே முகிலின் வெள்ளை விளிம்பு தெறித்த ஒளியும் சேர்ந்துகொண்டால் சில நிமிடங்களுக்கு 1000 வாட்டுக்கு மேலேயும் போகும். பத்து நிமிடத்தில் முகில் திரும்ப மூடியது, 0.8க்கு இறங்கிவிட்டது. அன்றைய மொத்தம் 9 யூனிட்தான்.

மாரிக்காலம் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடத்து மழையில் பெரும்பங்கு எங்களுக்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. வானம் முழுதாக மூடிக்கிடந்தால் பனல் தன் பலத்தில் நூற்றில் பத்து, இருபது பங்கோடு நிற்கும், டிசெம்பரில் 4 யூனிட்டோடு பொழுதுபட்ட நாட்கள் என் கொப்பியில் வரிசையாக இருக்கின்றன. பனலுக்குச் சாப்பாடு வெளிச்சம். அது குறைந்தால் குளிர் இருந்து என்ன பிரயோசனம். மே, ஜூனில் வெளிச்சம் நிறைய இருக்கிறது, அதனால் அந்த மாதங்களில் மொத்த யூனிட் மாரியைவிட நன்றாகக் கூட. ஆனால் அது வெக்கையால் வந்தது இல்லை, வெக்கையையும் மீறி வந்தது. எங்களுக்குச் சரியான காலம் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும். முகில் கலைந்திருக்கும், சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும், காற்றில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். என் கணக்கில் 26 யூனிட் தாண்டிய நாட்களில் முக்கால்வாசி மார்ச்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் அடிக்கிற கச்சான், கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி, காய்ந்து, சூடாகி வருகிற காற்று. உதடு வெடிக்கும், கிணறு வற்றும், நெல் ஒரு நாளில் காய்ந்துவிடும். அது பனலுக்குக் கெடுதி என்றுதான் நானும் நினைத்தேன். அளந்து பார்த்தால் கச்சான் பலமாக அடிக்கிற நாளில் பனல் சூடு குறைகிறது. காற்று 35 பாகையில் வந்தாலும் பனல் 60இல் அல்லவா இருக்கிறது, அந்தச் சூட்டை அது வாரிக்கொண்டு போய்விடும். மோசமான நேரம் கச்சானும் ஓய்ந்து கடல் காற்றும் எழும்பாத, ஓலை அசையாத அந்த முற்பகல். மாமி ஒருவர் அப்படியொரு நாளில் மிளகாய் அரைக்க வந்து, திண்ணையில் இருந்து விசிறிக்கொண்டு, "என்ன மனே, இந்த வெக்கைக்கு உன்ர மெசினுக்குள்ள கரண்ட் நிரம்பி வழியும் போல" என்றார். ஓம் மாமி என்றேன். அரைத்து முடிவதற்குள் விளங்கப்படுத்த ஏலாது.

பனலுக்குத் தண்ணீர் அடித்துக் குளிர வைக்கலாமே என்று கேட்கிறார்கள். உடனே யூனிட் ஏறும், உண்மைதான். ஆனால் மோட்டர் தின்கிற கரண்டைக் கழியுங்கள், கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் விட்டுப்போகிற வெள்ளைக் கறையைக் கழியுங்கள், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கிற ஆபத்தையும் சேருங்கள். கழுவுவது விடியவோ பொழுதுபட்டோதான்.

தெற்குப் பார்த்த கூரை இல்லாவிட்டால் சோலார் சரிவராது என்றும் உங்கள் கட்டுரை சொல்கிறது. அது டெல்லிக்கும் ஜேர்மனிக்கும் சரி. நாங்கள் பூமத்திய கோட்டிலிருந்து ஏழரைப் பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் 10ஆம் திகதியை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வந்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பத்தின் நிழலைக் கம்பமே விழுங்கிவிடும். அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. தெற்குக் கூரைக்கு அனுகூலமான நவம்பர், டிசெம்பரில் எங்களுக்கு முகில். பத்துப் பாகை அளவு சரிவான கூரை என்றால் வடக்கோ, தெற்கோ, கிழக்கோ, மேற்கோ, வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. நல்ல செங்குத்தான ஓட்டுக் கூரை என்றால் மட்டும் வடக்குப் பக்கத்தை யோசிக்கலாம். நிழலில்லாத வடக்குக் கூரையை விட்டுவிட்டு, தென்னை நிழல் விழுகிற தெற்குக் கூரையில் பனல் போட்ட வீடொன்று எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இது பனலின் சூட்டோடு சேராது, ஆனால் வெயிலோடு சேரும். ஞாயிறு, போயா நாட்களில் நல்ல வெயில் என்றால் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் லைனுக்குள் தள்ளும், கடையும் கந்தோரும் பூட்டு, எடுப்பார் இல்லை. லைன் வோல்ட்டேஜ் ஏறி இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். 2025 ஏப்ரல் புதுவருட விடுமுறையில், 13 முதல் 21 வரை ஒவ்வொரு நாளும் பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டதை எல்லோரும் அறிவோம். ஆகவே ஒரு நாளில் யூனிட் குறைந்தால் பனலைத் திட்ட முன் திகதியையும் பாருங்கள். நான் இப்போது மாவரைப்பை முடிந்தவரை பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன், என் கரண்டை நானே தின்றுவிடுகிறேன்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். சோலார் விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையிலும் வருகின்றன, பூட்டுகிற கொம்பனிகள் விலைப்பட்டியலில் 25 பாகை இலக்கத்தோடு அந்த இரண்டாவது நிரலையும், கூரைக்கும் பனலுக்கும் இடைவெளி எத்தனை அங்குலம் என்பதையும், எந்த மாதத்தில் எத்தனை யூனிட் எதிர்பார்க்கலாம் என்பதையும் எழுதித் தர வேண்டும் என்று ஒரு தடவை எழுதுங்கள். கொழும்புக் கணக்கைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டக் கூடாது, எங்களுக்கு மழையும் வெயிலும் வேறு மாதத்தில். மற்றது, அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். ஒளி கூடினால் யூனிட் கூடும், வெப்பம் கூடினால் குறையும் என்று இரண்டு வரி போதும்.

கொப்பியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மில்லுக்கு வரலாம். பின்னேரம் நான்குக்குப் பிறகு வாருங்கள், மத்தியானம் மோட்டர் சத்தத்தில் ஒன்றும் கதைக்க ஏலாது.

இப்படிக்கு,
மில்காரன்,
களுவாஞ்சிகுடி.